கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளவும்

என் வாழ்நாளில் நான் எழுதி, சுவரில் ஒட்டி, நாலு பேர் படித்து, அதன்படியே நடந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். அரைத்தாள் காகிதம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம், இரண்டிலும் எட்டெட்டு வரிகள். தமிழும் மலையாளமும் புழங்கும் அமரவிளையில் நான் வேலை பார்த்த சின்ன ஆய்வுக்கூடத்தின் கதவுக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருந்தது. எட்டில் ஏழு வரிகள் சரி. ஒன்று தவறு. அந்த ஒரு வரியால் ஒருவருடைய கை கெட்டது, எனக்கு அந்த மனிதரே இல்லாமல் போனார். இத்தனை வருஷம் கழிந்தும் அவரை நினைக்காமல் ஒரு நாள் போனதில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கயிறு திரிக்கும் கொட்டகைக்குப் பின்னால், ஓடு போட்ட இரண்டு அறை. முதலாளி நெய்யாற்றின்கரைக்காரர். வடக்கே எங்கோ போய் ரசாயனம் படித்துவிட்டு வந்தவர். கிழக்கே மலையடிவாரத்தில் இஞ்சிப்புல்லை வாற்றி, அதாவது ஆவியில் வடித்து எடுக்கும் புல்தைலம் எங்களுக்குத் தகர டின்களில் வரும். எலுமிச்சை மணம் அடிக்கும் புல் அது. அந்தத் தைலத்தில் சிட்ரால் என்ற சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் முதல் வேலை. மண்ணெண்ணெய் கலந்த டின்னை முதலாளி மூடியைத் திறந்த உடனேயே மூக்கால் பிடித்துவிடுவார். ஆனால் அவருக்குக் கண் மங்கல். குடுவையின் கழுத்தில் இருக்கும் கோடுகளைப் படிக்க என்னைத்தான் கூப்பிடவேண்டும். பி.எஸ்ஸி. படித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த என்னை அவர் வேலைக்கு எடுத்ததே அந்தக் கோடுகளுக்காகத்தான் என்று நான் சொல்வேன். அவர் மறுக்கமாட்டார்.

குடுவையில் பத்து மில்லி தைலம் விட்டு, பைசல்பைட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் வைத்து எடுத்து வைத்து எடுத்துக் குலுக்க வேண்டும். சிட்ரால் எல்லாம் கரைசலுக்குள் இறங்கிவிடும். இறங்காத மிச்சம் மேலே மிதந்து நீண்ட கழுத்துக்கு வந்து நிற்கும். எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று படித்தால் தைலத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். புல் வாற்றுகிறவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெண்பிள்ளை சொல்லும் ஓர் எண்ணுக்காக ஆண்கள் காத்திருந்த இடம் நான் அறிந்தவரை அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான்.

இரண்டாவது வேலை கொஞ்சம் கௌரவமானது. சிட்ராலைத் தனியே எடுத்து, அசிட்டோனோடு சேர்த்து, குளிர்ச்சியில் வைத்து இன்னொரு எண்ணெயாக்குவோம். வெளிர்மஞ்சள் நிறம். பெயர் சூடோஅயனோன். அதற்கு அப்புறம் அமிலம் சேர்த்தால்தான் அயனோன், அதாவது வயலட் பூவின் மணம். வயலட் பூவை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் செய்தது நடுவில் நிற்கும் பொருள். தனியாக அதை யாரும் உடம்பில் பூசுவதில்லை, உணவில் சேர்ப்பதில்லை. தூரத்து ஆய்வுக்கூடங்கள் அதை வாங்கியது அயனோன் செய்து பழகவும், தங்களிடம் இருக்கும் சரக்கு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும்தான். அனுப்புவதற்கு முன் ஒரு துளியை இன்னொரு மருந்தோடு சேர்த்துப் படிகமாக்கி, அந்தப் படிகம் எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்த்துப் புட்டியில் எழுதி ஒட்டுவேன். நடுவில் நிற்கும் பொருள் என்றதும், எல்லையில் வாழும் ஜனங்களும் அப்படித்தானே என்று தலையாட்டப் புறப்படுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நாங்கள் எதற்கும் நடுவில் இல்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தோம்.

எங்கள் வீடு உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலைப் பக்கமாகப் போகும் வழியில் இருந்தது. என் அம்மா ஜெபம் தமிழில் செய்வாள், பக்கத்து வீட்டோடு சண்டை மலையாளத்தில் போடுவாள், கோழியை இரண்டிலும் திட்டுவாள். அந்த வருஷங்களில் சாலை முழுக்கக் கொடியும் கோஷமுமாக இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று ஒரு ஜாதா ஊர்வலமாகப் போகும். சேர்க்கக்கூடாது என்று இன்னொரு ஜாதா வரும். இரண்டு ஜாதாவுக்கும் எங்கள் கிணற்றிலிருந்துதான் தண்ணீர். நீங்கள் யார் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் மூளும்.

நான் முதலில் சொன்ன அந்த மனிதர் களியக்காவிளைக்கு அப்புறத்து ஆள், குழித்துறைப் பக்கம். குடுவை குலுக்கவும், தைலம் வடிக்கும் வாலை வைக்கவும் ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லிவைத்து வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சேர்க்கவேண்டும் என்ற கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஜாதாவுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை தொண்டை கட்டி வருவார். படித்த பெண் என்றால் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான். கண்டக்டர் முதல் கயிறு திரிக்கிற பெண்கள்வரை என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அப்படியே.

"டீச்சரே, இந்தக் குடுவைக்குக் கழுத்து என்னத்துக்கு இம்புட்டு நீளம்?"

"உமக்கு நாக்கு என்னத்துக்கு இம்புட்டு நீளம்? பேசாம குலுக்கும்."

முதல் நாள் எங்கள் பேச்சு இவ்வளவுதான். மறுநாள் சாயா குடிக்கும்போது, "டீச்சர் எந்தப் பக்கமாக்கும்?" என்று கேட்டார். "எனக்க வீடு இருக்கப்பட்ட பக்கம்" என்றேன். வேறு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பேச்சை அத்தோடு முறித்திருப்பேன். அவர் சிரித்துவிட்டு, "அது கொள்ளாம்" என்று மெச்சினார். அந்தச் சிரிப்பில் கோபப்பட ஒன்றுமில்லாமல் போனது எனக்கே ஆச்சரியம்.

சிட்ராலுக்கும் அதிலிருந்து வருகிற நம் மஞ்சள் எண்ணெய்க்கும் காற்று ஆகாது. பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிறைத்து இருட்டில் வைக்கவேண்டும். பாதி எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைத்தால், உள்ளே இருக்கும் காற்று நாலைந்து வாரத்தில் அதைப் பிசுபிசுப்பாக்கிக் கெடுத்துவிடும். சிறிய புட்டிக்கு மாற்றலாம், ஆனால் சிறிய புட்டிகள் எங்களிடம் போதாது. கடையடைப்பும் பஸ் நிறுத்தமும் வந்து ஆய்வுக்கூடம் நாட்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது, அரைப்புட்டிகளாக நின்றதை நினைத்து வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜாதாவில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலை.

இதை அவரிடம் புலம்பியிருந்தேன். அடுத்த முறை பஸ் ஓடிய நாளில் அவர் ஒரு துணிப்பை நிறைய சோடாப் புட்டிக் குண்டுகளோடு வந்தார். உடைந்த புட்டிகளிலிருந்து பொறுக்கிய கண்ணாடிக் குண்டுகள். கழுவிக் காயவைத்துப் புட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டால் எண்ணெய் ஏறிக் கழுத்துக்கு வந்துவிடும், காற்றுக்கு இடம் இராது என்று அவராகவே யோசித்திருக்கிறார். அந்த நேரத்தில் சாலையில் சோதனை. போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்தால் குண்டு குண்டாக நூறு இருக்கிறது. போலீஸ் மேல் கவணில் வைத்து எறியக் கொண்டுபோகிறான் என்று அவரை மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். செய்தி கேட்டு நான் வெயிலில் ஓடினேன். என் மருந்துப் புட்டியில் போடத்தான் என்று மலையாளத்தில் சொன்னேன். அந்த ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "மருந்நினு கோலி எந்தினா டீச்சரே?" என்றார், மருந்துக்கு எதற்குக் கோலிக்குண்டு என்று. சாலையோரத்தில் நின்று காற்றுக்கும் எண்ணெய்க்கும் உள்ள பகையை நான் கால் மணி நேரம் விளக்கினேன். போதும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"ஒங்களுக்க கிளாஸைக் கேக்கதுக்கு ஜெயிலே தேவலை" என்று அவர் நடந்துகொண்டே சொன்னார். அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நான் போகாவிட்டால் அந்த நூறு குண்டுகளுக்காக அடி வாங்கியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் மனசு விழுந்தது. அவருக்கும் அன்றுதான் என்று பிறகு சொன்னார்.

இனி அந்த எட்டு வரிகளுக்கு வருகிறேன். முதலாளியிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பாதுகாப்புத் தாள் இருந்தது. அதைப் பார்த்து, எங்கள் பேச்சில் புரியும்படி நான் எழுதினேன். அசிட்டோன் இருக்கும் அறையில் தீ கூடாது. குடுவையை மூக்குக்குக் கொண்டுபோகாதே, கையால் விசிறி முகர். தைலம் துடைத்த துணியைக் குவித்து வைக்காதே, அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும், தண்ணீர்த் தொட்டியில் போடு. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடு, அவசரம் என்றால் வீட்டுக்குப் போ. இப்படியே போனது. ஐந்தாவது வரி ஆங்கிலத் தாளில் ரப்பர் கையுறை போடச் சொன்னது. எங்களிடம் இருந்தது ஒரே ஜோடி. அதுவும் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகிக் கிடந்தது. புதிதாக எங்கிருந்து வரவழைக்க? சாலையே திறக்காத காலம்.

நான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் சக்கை வெட்டுகிறவர்கள் யாரும் வெறுங்கையால் வெட்டமாட்டார்கள். கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், பலாப்பால் ஒட்டாது. பிறந்ததிலிருந்து பார்த்த காரியம். ஆகவே ஐந்தாவது வரியாக நான் எழுதினேன்: வேலைக்கு முன் இரண்டு கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளவும். முதலாளியிடம் காட்டினேன். "அது செரியா. எங்க அம்மையும் அப்படித்தன்னே செய்யும்" என்று ஒப்புக்கொண்டார். ரசாயனம் படித்த இரண்டு பேர். சக்கைப் பால் எண்ணெயில் ஒட்டாது, ஆனால் நாங்கள் கையாளுவதே எண்ணெயில் கரையும் சரக்கு என்று இருவருக்கும் தோன்றவில்லை. அதைத் தோலில் பிடித்துவைத்து உள்ளே இறங்கவிட நாங்களே பாதை போட்டுக் கொடுத்தோம். முதல் வருஷத்து மாணவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

அவர் அந்த வரியை ஒரு நாளும் தப்பவிடவில்லை. காலையில் வந்ததும் சிரட்டையிலிருந்து எண்ணெயை எடுத்து முழங்கைவரை பூசிக்கொண்டு, "டீச்சருக்க சட்டப்படி" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். நானும் பூசிக்கொண்டேன். ஆனால் என் வேலை கோடு படிப்பதும் எழுதுவதும். மணிக்கு ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். பகல் முழுவதும் சரக்கோடு கிடந்தது அவர் கைதான்.

ஏறக்குறைய எட்டு மாதம் அப்படிப் போயிற்று. என் ஆயுளில் எதைத் திரும்பக் கேட்பாய் என்றால் அந்த எட்டு மாதத்தைத்தான் கேட்பேன். விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். அவர் கொண்டுவருவதில் காரம் கூட, நான் கொண்டுவருவதில் புளி கூட. வாலை சொட்டும் நேரத்தில் வாசலில் நின்று, கொட்டகையில் கயிறு நீளுவதைப் பார்ப்போம். சாயங்காலம் ஒரே பஸ். நான் உதியன்குளங்கரையில் இறங்கிவிடுவேன், அவர் போவார். அவர் அம்மாவுக்கு விஷயம் தெரியும், சம்மதம். என் அம்மாவும் தெரியாததுபோல இருந்தாள். எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் நமக்கு என்ன, பஸ் ஓடும்தானே என்று இருந்தோம்.

முதலில் விரலிடுக்கில் செம்மை வந்தது. சூட்டினால் என்று நினைத்தோம். நான்தான், "எண்ணெய் கொஞ்சம் கூடத் தடவும்" என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. அடுத்த வாரம் பொடிப்பொடியாகக் கொப்புளம். பிறகு கை இரண்டும் வீங்கி, இமை வீங்கி, ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் கண்ணைத் திறக்க முடியாமல் வந்து நின்றார். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்த டாக்டர் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். சில உடம்பு ஒரு பொருளை நெடுநாள் தாங்கும், பிறகு ஒரு நாள் அதைப் பகையாளியாக அடையாளம் கண்டுகொள்ளும். அதற்கப்புறம் ஒரு பொட்டு பட்டாலும் போதும். பட்ட உடனே ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள்தான் கிளம்பும். மருந்தால் தணியும், ஆனால் உடம்பு மறக்காது. கடைசியில் கேட்டார், கையில் என்ன பூசுவீர்கள் என்று. தேங்காயெண்ணெய் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டாக்டரே" என்றார். நான்தான் சொன்னேன். டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் ஐந்தாவது வரியை இரண்டு மொழியிலும் நானே மையால் அடித்தேன். எப்படியோ கையுறைகளும் வந்து சேர்ந்தன. கெட்டது கெட்டுவிட்டது. அவர் வேலையை விட்டார். குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார். நிஜமான டீச்சர் இப்போது நான்தான் என்று சொல்லி அனுப்பினார். என்னைக் குற்றம் சொல்லும் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாறசாலைக்கு வருவார். என் சித்தி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசுவோம். முதல் ஞாயிறு வந்து போன இரண்டாம் நாள் அவருக்கு இமை வீங்கியது. என்னவென்று யோசித்துப் பார்த்தோம். அவர் ஆய்வுக்கூடத்தின் பக்கமே வரவில்லை. அப்படியானால் நான்தான். என் புடவையில், தலைமுடியில், நகக்கண்ணில் அந்தச் சரக்கு இருந்தது. எனக்கு மணம்கூடத் தெரியாத அளவு. அவர் உடம்புக்கு அது போதும்.

நான் ரசாயனக்காரி. அழுதுகொண்டு உட்காராமல் சோதனை செய்தேன். அடுத்த ஞாயிறு, வேலைக்கு உடுத்தாத புடவையோடு போனேன். புதன்கிழமை ஆள் மூலம் சேதி வந்தது: இமை மட்டும். அதற்கடுத்த முறை செம்பருத்தி இலைத் தாளி போட்டுத் தலையை மூன்று தண்ணீர் அலசி, நகத்தை ஒட்ட வெட்டி, இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்தேன். கழுத்தில் செம்மை, வீக்கம் இல்லை. மூன்றாம் முறை ஐந்து நாள் லீவு போட்டு, தினம் குளித்து, கடன் வாங்கிய புடவையில் போனேன். அவர் ஒரு வெற்றிலையை நீட்டினார். வாங்கும்போது விரல் பட்டது. அந்த விரல் மட்டும் தடித்தது. அவர் அடுத்த வாரம் அதைத் தூக்கிக் காட்டி, "டீச்சரே, ரிசல்ட்டு நல்ல தெளிவாக்கும்" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஐந்து நாள் போதவில்லை. எத்தனை நாள் போதும் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, நான் அந்த வேலையை விடுவது.

அதை அவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார். "இத விட்டுப்போட்டு எனக்க கூட வா. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, போவட்டும். நான் காத்துக்கெடக்கேன்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மாதக்கணக்காக யோசித்தேன். இங்கே நான் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள முடியாது. அவர் வேண்டும் என்று இருந்தது, வயிறு நிறைய வேண்டும் என்று இருந்தது. ஆனால் காலையில் அந்தக் கழுத்து நீண்ட குடுவையைக் கையில் எடுத்ததும் வேறு ஆளாகிவிடுவேன். வெளியே பெஞ்சில் அந்த மனிதர்கள், உள்ளே நான், என் வாயிலிருந்து வரும் எண். இதை விட்டுவிட்டுப் போய், நாற்பது வயதில் ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு, உன்னால்தானே என்று அவரைக் கேட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அவர் கையைக் கெடுத்தவள் நான், அந்தக் கேள்வியையும் நானே கேட்பேனா? என் சுபாவம் எனக்குத் தெரியும். கேட்டுத்தான் இருப்பேன்.

அதற்குள் கோடு போட்டுவிட்டார்கள். களியக்காவிளைக்கு அப்புறம் சென்னை ராஜ்யம், இப்புறம் கேரளம். அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது. என் வீடு இந்தப் பக்கம் நின்றது. ஜாதாவில் தொண்டை கட்டியவருக்கு அதில் ஒரு சந்தோஷமும் தெரியவில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஆசிரியப் பயிற்சிக்குப் போகச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. போனால் பிறகு எங்கே போடுவார்களோ தெரியாது. போவதற்கு முந்திய நாள் சாயங்காலம் அவர் அமரவிளைக்கு வந்து, ஆய்வுக்கூடத்துக்கு எதிரே சாலையின் மறுபக்கத்தில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றார். நான் வேலை முடிந்து அப்படியே வெளியே வந்தேன். அன்று முழுக்க வாலை வைத்திருந்தேன். குளிக்கவில்லை, புடவை மாற்றவில்லை. அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. நான் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் நாலு வரிசை தள்ளிப் பின்னால் நின்றார். பாலம் தாண்டியதும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்கோட்டுத் தள்ளி இரியும்" என்றேன். "நான் இப்பம் சரக்கோடயாக்கும் வாறேன்."

"தெரியும். மணக்குது." அவர் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார். "சொல்லு பிள்ளே."

டீச்சர் என்று சொல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உதியன்குளங்கரை வந்தது. நான் இறங்கவில்லை. பாறசாலையும் போனது. களியக்காவிளைக்குக் கொஞ்சம் முன்னால், "என்னால ஆவாது" என்றேன். குரல் எனக்கே கேட்டதா தெரியவில்லை. அவருக்குக் கேட்டது. தலையை ஆட்டினார். அப்புறம் என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு யாராவது அந்தக் கையோடு ஒருவரைத் தொட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன். நான் இழுத்துக்கொள்ளவில்லை. பஸ் நிற்கும்வரை, நின்ற பிறகும் கண்டக்டர் இரண்டு முறை கூப்பிடும்வரை, கை அங்கேயே இருந்தது. அவர் அதே பஸ்ஸில் போனார். நான் இறங்கி, எதிரே வந்த வண்டியில் ஏறித் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கார்டு வந்தது. நாலு வரி. "இரண்டாம் நாள் ஆரம்பித்தது. இரண்டு கையும் நன்றாக வீங்கி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போயிற்று. யாரிடமும் காட்டவில்லை, மருந்து போடவில்லை. இன்று காலை எழுந்து பார்த்தேன், எல்லாம் வற்றிவிட்டது, ஒன்றும் இல்லை, அதுதான் வருத்தம்."

அந்தக் கார்டை ஆய்வுக்கூடத்தில் நின்றே படித்தேன். கையுறையைக் கழற்றி வைத்தேன். அன்று பகல் முழுவதும் வெறுங்கையோடு வேலை செய்தேன். முதலாளி ஏன் என்று கேட்டபோது அடுத்த டின்னைத் திறந்தேன். சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மடியில் வைத்து, சரக்கு ஊறிய உள்ளங்கையை அதன்மேல் பதித்துக்கொண்டு, கடைசி பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. மடித்து உறையில் போட்டு, அவருடைய விலாசத்தை மட்டும் எழுதித் தபாலில் சேர்த்தேன்.